ஆபீஸ் கடன்: வேலை போன பிறகு

மார்ச் 31
இன்றோடு வேலை முடிந்தது. பத்து நிமிடம் பேசினார்கள். ஆட்குறைப்பு, உங்கள் வேலையில் குறை எதுவும் இல்லை, மடிக்கணினியை ஒப்படைத்துவிடுங்கள். கதவு வரை வந்த பிறகு எச்.ஆர். அம்மா, "உங்க லோன் ஒன்னு இருக்கு இல்லையா, செட்டில்மெண்ட்ல பாத்துக்கலாம்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2
கடன் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். உண்மைத் தொகையை எழுத மனமில்லை, என் மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்கிறேன். வாங்கியது 400, வட்டி கிடையாது, மாதம் 20 வீதம் 20 தவணை. சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், கைக்கே வராத பணம் என்பதால் போவதும் தெரியாது. 8 தவணை போயிருக்கிறது, மீதி 240.

ஏழாவது பத்தியில் இருக்கிறது விஷயம்: எக்காரணத்தால் பணி முடிந்தாலும் மீதி முழுவதையும் உடனே செலுத்த வேண்டும். நானாக விட்டாலும் அவர்களாக அனுப்பினாலும் ஒன்றுதான். கையெழுத்துப் போட்ட அன்று இதைப் படித்தேனா? படித்திருப்பேன், நமக்கு எங்கே என்று புரட்டியிருப்பேன். கடைசிப் பக்கத்தில் ஜாமீன் கையெழுத்து, பக்கத்து மேசைக்காரர் போட்டது. அதைப் பார்த்ததும்தான் வயிறு கலங்கியது.

ஏப்ரல் 6
செட்டில்மெண்ட் தாள் வந்தது. நோட்டீஸ் சம்பளம் 100, எடுக்காத 18 நாள் லீவுக்கு 60, ஆக 160. வரி 15 போக 145. அந்த 145 முழுவதையும் கடனில் கழித்துவிட்டு, மீதி 95-ஐ 15 நாளில் கட்டச் சொல்கிறார்கள். என் கைக்கு வருவது பூஜ்யம். கண்ணால் பார்க்காத பணத்துக்கு வரி எதற்கு என்று முதலில் கோபம் வந்தது. யோசித்தால் கணக்கு சரிதான், முதலில் அது என் சம்பளம், அதன் பிறகுதான் கடனுக்குப் போகிறது. சரியாக இருப்பதால் கோபம் குறையவில்லை.

ஏப்ரல் 7
ராத்திரி உட்கார்ந்து படித்தேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 95ஆம் உடன்படிக்கை, 1949இல் வந்தது, ஊதியப் பாதுகாப்பு பற்றியது. சம்பளத்தில் பிடித்தம் செய்வதென்றால் நாட்டுச் சட்டமோ, கூட்டு ஒப்பந்தமோ, நடுவர் தீர்ப்போ அனுமதித்த அளவுக்குத்தான் செய்யலாம் என்கிறது 8ஆம் பிரிவு. வேலை முடிந்தால் பாக்கிச் சம்பளத்தைக் கணக்கு முடித்துத் தர வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும், எவ்வளவு பிடிக்கலாம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்தில்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் ஒன்று விளங்கியது: நான் கடன்பட்டவன் என்பதும், என் கடைசிச் சம்பளம் மொத்தத்தையும் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் வேறு வேறு விஷயம்.

ஏப்ரல் 10
ஜாமீன் போட்டவரைக் கூப்பிட்டேன். "அதெல்லாம் ஒன்னும் இல்லைண்ணே, நீங்க கட்டிடுவீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் சம்பளத்துல பிடிப்பாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். பிடிக்க விடமாட்டேன் என்று சொன்னேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ.

ஏப்ரல் 14
போனில் பேசினால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை, அதனால் மின்னஞ்சல். கடனை மறுக்கவில்லை, 240 என்பதை ஒப்புக்கொள்கிறேன் என்று முதல் வரியிலேயே எழுதினேன். லீவுப் பணம் 60-ஐக் கழித்துக்கொள்ளுங்கள், மீதி 85 எனக்கு வேண்டும், வேலை தேடும் வரை சாப்பிட வேண்டும். பாக்கி 180-க்கு இரண்டு மாத அவகாசம், பிறகு மாதம் 15 வீதம் 12 தவணை. ஒருமுறை கெஞ்சும் தொனியில் எழுதி அழித்தேன், ஒருமுறை சண்டைத் தொனியில் எழுதி அழித்தேன். கடைசியில் போனது வெறும் கணக்கு.

ஏப்ரல் 22
ஒப்புக்கொண்டார்கள்! புதிய தவணை அட்டவணையில் இரு தரப்புக் கையெழுத்து. வட்டி இல்லை என்பதையும் எழுத்தில் வாங்கிவிட்டேன்.

மே 3
கடன் செயலியிலிருந்து ஐந்தாவது குறுஞ்செய்தி. மொத்தமாக வாங்கி ஆபீஸ் கடனை அடைத்து நிம்மதியாக இருந்தால் என்ன என்று அரை மணி நேரம் நினைத்தேன். மாதம் 3 சதவீதம்தான் என்கிறான். அந்த வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போனால் வருடத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல். வட்டியில்லாத கடனை அடைக்க இதை வாங்குவதா? செய்தியை அழித்தேன்.

ஜூன் 5
முதல் 15. சம்பளத்தில் பிடித்தபோது தெரியாதது, நானே வங்கியில் அனுப்பும்போது தெரிகிறது.

ஆகஸ்ட் 19
ஜாமீன்தாரருக்கு ஆபீஸிலிருந்து நினைவூட்டல் கடிதம் போயிருக்கிறது, ஜூலைத் தவணை வரவில்லை என்று. நான் கட்டியது உண்மை. அனுப்பும்போது ஊழியர் எண்ணைக் குறிப்பிட மறந்திருக்கிறேன், கணக்குப் பிரிவில் யார் பணம் என்று தெரியாமல் தனியாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். வங்கிச் சீட்டை அனுப்பியதும் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அவருடைய மனைவி கடிதத்தைப் பார்த்துவிட்டார். என்னை அழைத்தபோது ஜாமீன்தாரர் 'அண்ணே' என்று சொல்லவில்லை.

அக்டோபர் 1
வேலை கிடைத்தது. பழைய 100-க்கு இங்கே 85. பரவாயில்லை. இங்கேயும் ஊழியர் கடன் திட்டம் உண்டாம், படிவத்தை வாங்கி அந்தப் பத்தியைத் தேடினேன். இங்கே அது நான்காவது.

மே 5
கடைசி 15 போய்விட்டது. ஊழியர் எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன்.

மே 28
நிலுவை இல்லை என்ற சான்றும், ரத்து முத்திரை குத்திய கடன் பத்திரமும் வந்தன. உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், கடைசிப் பக்கம் மட்டும் இல்லை, அவர் கையெழுத்துப் போட்ட பக்கம். ஜாமீனும் முடிந்தது என்று எழுதி அந்தத் தாளையும் அனுப்பச் சொல்லி மடல் போட்டிருக்கிறேன், அவருக்கும் ஒரு நகல் வைத்து. பதில் இன்னும் வரவில்லை. இருவரிடமிருந்தும்.