பிரைமர் பதிக்க நெம்புகோலா, கட்டைவிரலா?

அரிசோனாவில் வீட்டுக் கராஜில் .308 வின்செஸ்டர் தோட்டாக்களை மறுபடி நிரப்பத் தொடங்கி ஐந்து மாதமாகிறது. வெடிமருந்து அளப்பதுதான் கடினமான வேலை என்று நினைத்திருந்தேன். என்னைத் திண்டாட வைத்ததோ பித்தளை உறையின் அடியில் உட்கார்ந்து, ஊசி குத்தியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணமான பிரைமர். விட்டம் 0.21 அங்குலம், அவ்வளவுதான்.

முதலில் பிரஸ்ஸிலேயே, அதாவது உறையை நெம்புகோலால் அழுத்திச் சரிசெய்யும் மேசைக் கருவியிலேயே பதித்தேன். உறையின் அளவைச் சரிசெய்யும்போது பழைய பிரைமர் கழன்று விழும். கைப்பிடியை மேலே தள்ளினால் புதியது ஏறிவிடும். ஒரே மூச்சில் இரண்டு வேலை. பிரைமர் உட்காரும் குழியில் படிந்த கரியைச் சுரண்டுவதற்கு நடுவில் நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை, சோம்பல்தான்.

அடுத்த சனிக்கிழமை சுடுகளத்தில் 50 தோட்டாக்களில் மூன்று வெடிக்கவில்லை. குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு 30 வினாடி காத்திருந்தேன். பிறகு வெளியே எடுத்துப் பார்த்தால், ஊசி குத்திய பள்ளம் தெளிவாகவே இருந்தது. அதே தோட்டாக்களை மறுபடி ஏற்றிச் சுட்டபோது மூன்றும் வெடித்தன. அப்போதுதான் புரிந்தது: பிரைமர்கள் முழுதாக உள்ளே போகவில்லை. முதல் குத்தின் வேகம் அவற்றை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகியிருக்கிறது. என்னுடையது ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றி மூடும் போல்ட் துப்பாக்கி. அதனால் இதோடு போயிற்று. எம்1 கேரண்ட் போல, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும், ஊசி தளர்வாக ஓடும் துப்பாக்கியில் துருத்திய பிரைமர் இருந்தால், போல்ட் மூடும்போதே வெடித்துவிடக்கூடும்.

வீட்டில் மிச்சமிருந்தவற்றைக் கண்ணாடித் தட்டின்மேல் நிறுத்தினேன். இரண்டு ஆடின. உறையின் அடிமட்டத்திலிருந்து ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு வரை பிரைமர் உள்வாங்கி இருக்க வேண்டும். இவை வெளியே எட்டிப் பார்த்தன.

பிறகு கையால் அழுத்தும் கருவி ஒன்று வாங்கினேன். பிரஸ்ஸின் நெம்புகோலுக்குப் பலம் அதிகம்; எதையும் நசுக்கி உள்ளே திணித்துவிடும், நமக்கு ஒன்றும் தெரியாது. கட்டைவிரலுக்குத் தெரிகிறது. பிரைமர் குழியின் அடியைத் தொடும் இடத்தில் ஒரு சிறு நிறுத்தம் வருகிறது. பலமுறை சுட்ட உறையில் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். ராணுவ உறை ஒன்று பாதியிலேயே முரண்டு பிடித்தது. பார்த்தால், குழியின் வாயைச் சுற்றிப் பித்தளையை நெருக்கி வைத்திருக்கிறார்கள். அதைச் செதுக்கி எடுக்காமல் புதியது ஏறாது. பிரஸ்ஸாக இருந்தால் பிரைமரை நசுக்கியிருப்பேன். அது வெடிபொருள் என்பதால், கையால் செய்தாலும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. எண்ணெய்க் கையால் பிரைமரைத் தொடுவதும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. 60 உறையைத் தாண்டினால் கட்டைவிரல் மூட்டு வலிக்கிறது. என் வயது அப்படி. மேசையில் பொருத்தும் வகையில் வலி குறைவு என்கிறார்கள், விலையைப் பார்த்துத் தள்ளிப்போட்டிருக்கிறேன். கைத்துப்பாக்கிப் பயிற்சித் தோட்டாக்களுக்கு மட்டும் இன்னும் பிரஸ்தான், ஆனால் ஒவ்வொன்றின் அடியையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே பெட்டியில் வைக்கிறேன்.

நேற்று இரவு 40 ரைபிள் உறைகளுக்குக் கையால் பதித்தேன். கண்ணாடித் தட்டில் ஒன்றும் ஆடவில்லை. மருந்து நாளைதான்.