ஹைட்ரண்டைத் தாண்டும் தோழிகள்: பிளிப் புக் நிலவரம்

ஒருவழியாக என் பிளிப் புக்கில் (தாள்களை வேகமாகப் புரட்டினால் படங்கள் அசைவது போலத் தெரியும் புத்தகம்) இரண்டு பெண்களும் காற்றில் நிற்கிறார்கள். இதற்காகப் பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

படம் 1964-ல் வந்த 'தி வேர்ல்ட் ஆஃப் ஹென்றி ஓரியண்ட்'. ஜார்ஜ் ராய் ஹில் இயக்கியது. பள்ளித் தோழிகள் இருவர் ஒரு பியானோ கலைஞர் மேல் பைத்தியமாகி, நியூயார்க் முழுக்க அவர் பின்னாலேயே அலைவார்கள். கல்யாணமான ஒருத்தியை மயக்கப் பார்க்கும் அந்த மனுஷனுக்கோ, அவள் புருஷன்தான் இவர்களை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறான் என்று உதறல். பீட்டர் செல்லர்ஸ் பெயரைப் பார்த்துத்தான் எல்லோரும் உள்ளே நுழைவார்கள். ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துவது டிப்பி வாக்கரும் மெர்ரி ஸ்பேத்தும். தெருவில் துள்ளிக் குதித்து, ஹைட்ரண்டை (தெருவோரத் தீயணைப்புக் குழாய்) தாண்டி ஓடும் அந்த ஸ்லோ மோஷன் காட்சியைத்தான் புத்தகமாக்குகிறேன்.

குதிப்பதில் உச்சிதான் வம்பு. சம இடைவெளி விட்டு வரைந்தால் லிஃப்டில் ஏறி இறங்குவது மாதிரி இருக்கும். விழுகிற எதுவும் சம நேரங்களில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில்தான் தூரத்தைக் கடக்கும்; ஏறும்போது அதையே திருப்பிப் போட வேண்டும். அதனால் காற்றில் இருக்கும் நேரத்தில் 70 சதவீதம் உயரத்தின் மேல்பாதியிலேயே கழிகிறது. ஏற 18 தாள், இறங்க 18 தாள், உயரம் 32 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். கணக்குப் போட்டால் உச்சியை ஒட்டிய இடைவெளி 0.1 மி.மீ.! என் பென்சில் லெட்டே 0.5. எங்கே போய் வரைவது?

அதனால் உச்சியில் ஏழு தாளுக்கு உடம்பை அசைக்கவே இல்லை. அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட் பாக்ஸில் வைத்து அப்படியே டிரேஸ். தலைமுடியும் மேலங்கியின் கீழ்விளிம்பும் மட்டும் தாளுக்குத் தாள் மேலே எழும்பும். உடம்பு நின்ற பிறகும் துணி ஏறிக்கொண்டே இருப்பதால், கண் அதை மிதப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. இன்னொன்று, இரண்டு பேரும் ஒன்றாக உச்சிக்குப் போகக் கூடாது. பின்னால் வருபவளை மூன்று தாள் தாமதமாக்கினேன். அப்புறம்தான் உயிர் வந்தது. மார் தட்டிக்கொள்கிறேன், இந்த ஏழு தாளும் நான் இதுவரை வரைந்ததிலேயே சிறந்தவை.

தாள் விஷயம் எரிச்சல். 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்று ஒரு கடையில் வாங்கிய தாள் கட்டில் நடுநடுவே மெல்லிய தாள்கள். கட்டைவிரலுக்கு உடனே தெரிந்துவிடும். அந்த இடத்தில் இரண்டு தாள் சேர்ந்து விழும், குதிப்பு வெட்டும். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் பொறுக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை பிரஸ்ஸிலேயே சொல்லி ஒரே ரீமிலிருந்து, அதாவது ஒரே தாள் கட்டிலிருந்து, வெட்டி வாங்கப் போகிறேன். விளிம்பைச் சாய்வாக வெட்டுவதையும் அவர்களிடமே விட்டுவிடலாம். பேப்பர் கட்டரில் நான் வெட்டினால் கடைசித் தாள்கள் நழுவுகின்றன.

வண்ணம் இன்னும் பாக்கி, ஹைட்ரண்டுக்கு மை கூடப் போடவில்லை. அதற்குள் மனசு பின்பக்கத்துக்குப் போய்விட்டது: புத்தகத்தைத் திருப்பிப் புரட்டினால் ஹென்றி ஓரியண்ட் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு தலைதெறிக்க ஓட வேண்டும். ஓட்டத்துக்கு எட்டுத் தாள் சுழற்சி போதும், உச்சித் தொல்லையும் கிடையாது. பென்சில் கோடு முன்பக்கம் நிழலாடாமல் இருக்க 160 ஜிஎஸ்எம் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் அவ்வளவு தடித்த தாள் என் கட்டைவிரலுக்கு வளையுமா என்பதுதான் சந்தேகம்.