தார் போடுவதற்கு முன்னால்

நம் வார்டில் குழாய் பதிக்கத் தோண்டிய மூன்று குறுக்குத் தெருக்களிலும் தார்ச்சாலை ஏன் இன்னும் போடப்படவில்லை என்று, இரண்டு வாரங்களாக, உங்கள் மாமன்ற உறுப்பினரான என்னைச் சந்திக்கும் எல்லோரும் கேட்கிறார்கள். மாரியம்மன் கோயில் வாசலிலும் ரேஷன் கடை வரிசையிலும் நின்றுகொண்டு துண்டு துண்டாகச் சொல்லிவந்த பதிலை ஒரே இடத்தில் முழுமையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. சொல்ல வேண்டிய வேறு சில செய்திகளும் உண்டு, அவை சிறியவை.

முதலில் என் தவறு. கடைசியாகக் கூடிய பகுதி சபாவில், ஆயுத பூஜைக்குள் சாலை வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். அப்போது பாதாளச் சாக்கடை வேலை முடிந்திருந்தது, குடிநீர்க் குழாயும் பதித்து மண் மூடியாயிற்று, சாலைக்கான பணி ஆணையும் வந்திருந்தது. இனி என்ன தடை வரப்போகிறது என்று நினைத்துவிட்டேன். புதிய குழாயில் அழுத்தச் சோதனை நடந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்று தேதி சொல்லியிருக்க மாட்டேன்.

சோதனை நடந்த நாளில் நான் அங்கே இருந்தேன். குழாயின் இரு முனைகளையும் அடைத்துவிட்டு, பம்ப் வைத்துத் தண்ணீரை ஏற்றி, அழுத்தமானியின் முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஏறிய முள் சற்று நேரம் நின்றது. பிறகு எங்கள் கண்ணெதிரே மெல்ல இறங்கத் தொடங்கியது. ஈரம் கசிந்த இடத்தைத் தேடித் தோண்டியபோது, வீட்டு இணைப்புக்காகப் பெரிய குழாயின் மேல் மாட்டியிருந்த கிளாம்புக்கு அடியில் ரப்பர் வாஷர் மடிந்து கிடந்தது. கட்டை விரல் அகலம்கூட இல்லாத அந்த மடிப்பு வழியாகத்தான் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதே தெருவில் இன்னும் இரண்டு இடங்களிலும் இப்படியே இருந்ததால், ஒப்பந்ததாரரின் ஆட்கள் எல்லா இணைப்புகளையும் திறந்து சரிபார்க்க வேண்டியதாயிற்று.

இதைச் சாலை போட்ட பிறகு கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். புதிய தார்ச்சாலையை வெட்டி, கசிவை அடைத்து, ஒட்டுப் போட்டிருப்பார்கள். அந்த ஒட்டு ஒரு மழைக்குத் தாங்கும், இரண்டாவது மழைக்குப் பள்ளமாகும். முழுச்சாலையையும் மறுபடி போடலாம் என்றால் மதிப்பீடு, மாமன்றத் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று முதலிலிருந்து வர வேண்டும். அண்மையில் போட்ட சாலைக்கு மறுபடியும் நிதி கேட்டால் மாமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

இன்னொரு காரணம் நம் மண். கோவையின் கிழக்குப் பகுதியில் பல இடங்களைப் போலவே நம் தெருக்களிலும் கரிசல் மண் அதிகம். அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தோண்டி மூடிய கரிசல் எவ்வளவு இடித்துக் கெட்டிப்படுத்தினாலும் ஒரு மழை கண்டால்தான் உண்மையான மட்டத்துக்கு இறங்கும் என்பது இங்கே வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில், ஈரத் தரைமேல் போடும் தாரும் பிடிக்காது. ஆகவே இப்போதைக்கு ஜல்லிக் கலவை நிரப்பி ரோலர் ஓட்டி, வண்டிகள் போகும்படி சமன் செய்து தரவும், தாரை மழைக்குப் பின் தள்ளிவைக்கவும் நானே கேட்டுக்கொண்டேன். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். ஆனாலும் இந்த முறை தேதி சொல்வதாக இல்லை.

இரண்டாவது குறுக்குத் தெருவில் இருக்கும் ஆத்தா ஒருவர், "ஏங்கண்ணு, நீ ஓட்டுக் கேக்க வந்தப்ப இந்த ரோடு நல்லாத்தானே இருந்துச்சு, நீ செயிச்ச பொறகுதானே இப்பிடி ஆச்சு?" என்றார். "ஆமாங்க ஆத்தா" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அவர் வீட்டு வாசலில் தண்ணீர் தேங்குவதால் ஒரு நடை மண் கொட்டச் சொல்லியிருக்கிறேன்.

தார் போடுவதற்குள் நீங்கள் செய்ய வேண்டியவை உண்டு. பாதாளச் சாக்கடை இணைப்புக்கு இதுவரை விண்ணப்பிக்காத வீட்டுக்காரர்கள் தயவுசெய்து இந்த மாதமே விண்ணப்பியுங்கள். சாலை வந்த பின் ஒரே ஒரு வீட்டுக்காக அதை வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன், உறவினர் வீடாக இருந்தாலும் சரி. அதேபோல, மொட்டை மாடி மழைநீர்க் குழாயை யாரும் பாதாளச் சாக்கடையில் விட வேண்டாம். அந்தக் குழாய்கள் வீட்டுக் கழிவுநீரின் அளவுக்கு மட்டும் கணக்கிட்டுப் பதித்தவை. ஒரு கனமழையின் நீர் அதற்குள் இறங்கினால், தாழ்வான பகுதியில் இருப்பவர் வீட்டுக் குளியலறையில்தான் கழிவு பொங்கும். மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி 2003-லிருந்தே கட்டாயம். பல வீடுகளில் அது மண் மூடிக் கிடப்பதையும், அதன்மேல் துளசி மாடம் எழும்பியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

குடிநீர் பற்றி அடிக்கடி வரும் கேள்வி, நமக்கு எப்போது சிறுவாணித் தண்ணீர் கிடைக்கும் என்பது. நமக்கு வருவது பில்லூர்த் தண்ணீர், அதாவது பவானி ஆற்றுத் தண்ணீர். அந்த ஏற்பாடு மாறப்போவதில்லை. சிறுவாணி ஆறு அட்டப்பாடியில் பவானியோடு கலந்து, அதன் பிறகே பவானி பில்லூருக்கு வருகிறது என்பதை நினைத்து ஆறுதல் அடையலாம். நல்ல தண்ணீர் வரும் நாளில் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சுவதை மட்டும் நிறுத்துங்கள். கடைசி வீடுகளுக்குக் குடம் நிறையாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சொத்து வரியின் இரண்டாம் அரையாண்டுத் தொகையை அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சமாக 5,000 ரூபாய், ஊக்கத்தொகையாகக் குறையும். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உதவிப் பொறியாளரும் நானும் மூன்று தெருக்களையும் நடந்து பார்க்க இருக்கிறோம். உங்கள் வாசலில் மண் உள்வாங்கியிருந்தாலோ, ஈரம் காயாமல் இருந்தாலோ அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். வெளியூர் போயிருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனால் போதும்.