பழைய தானியக் கிடங்குக்கு விளக்கமைத்த அனுபவம்

நூறாண்டு கடந்த ஒரு தானியக் கிடங்கை நிகழ்ச்சி அரங்காக மாற்றியபோது விளக்கமைப்பு என் பொறுப்பில் இருந்தது. கருத்தரங்கு, இசைக் கச்சேரி, ஓவியக் கண்காட்சி, விருந்து ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கூடம் பயன்பட வேண்டும் என்பதும், செங்கல் சுவரிலும் மர உத்தரத்திலும் புதிதாக ஒரு துளைகூட விழக் கூடாது என்பதும் எனக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள். ஒவ்வொரு தேவைக்கும் தனித்தனி விளக்கு என்று எண்ணி நான் முதலில் வரைந்த திட்டத்தில் தொண்ணூறு விளக்குகள் இருந்தன. அந்த வரைபடத்தை இன்று எடுத்துப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

விளக்குகளைக் கூட்டுவதை விட்டுவிட்டு, அவற்றை இடம் மாற்ற வழி செய்ய வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. உத்தரங்கள் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுத் தந்த பின், ரப்பர் பட்டை சுற்றிய கிளாம்ப்புகளால் உத்தரங்களைக் கவ்வி, அவற்றிலிருந்து நீளவாட்டில் மூன்று இரும்புக் குழாய்களைத் தொங்கவிட்டோம். குழாய் நெடுகிலும் இரண்டு மீட்டருக்கு ஒரு மின் இணைப்பும் ஒரு கட்டுப்பாட்டு இணைப்பும் இருந்ததால், நாற்பதுக்கும் குறைவான விளக்குகளே போதுமாயின. ஒவ்வொன்றுக்கும் தனியே பாதுகாப்புக் கம்பி உண்டு. புதிய சேர்க்கைகள் கட்டடத்தின் சிறப்பான பகுதிகளின் மதிப்பைக் குறைக்கக் கூடாது என்று பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்கிறது. நாளை இந்தக் குழாய்களைக் கழற்றினால் உத்தரத்தில் ஒரு தடம்கூட இருக்காது.

அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது சுவர்தான். செங்கல்லின் மேடுபள்ளம் தெரியட்டும் என்று சுவரிலிருந்து ஒரு சாண் தொலைவில் விளக்கை வைத்து இரவில் சோதித்தபோது, அழகோடு சேர்ந்து, எப்போதோ யாரோ சிமென்ட் பூசி ஒட்டுப்போட்ட இடங்களும் புண்போலத் துருத்திக்கொண்டு தெரிந்தன. விளக்கை ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி வைத்ததும் நிழல்கள் மென்மையடைந்து, ஒட்டுகள் கண்ணில் படாமல் போயின. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; எண் குறைந்தால் மஞ்சள் கூடும், ஏறினால் வெண்மை கூடும். 4000 கெல்வின் ஒளியில் செங்கல் வெளிறிச் சாம்பல் பூத்துக் காட்சியளித்ததால் 3000 கெல்வினைத் தேர்ந்தோம். நிறத்தை உள்ளபடி காட்டும் குறியீடு 90க்கு மேல் இருந்தால் போதும் என்று நிற்காமல், ஆழ்ந்த சிவப்புக்கான ஆர்9 மதிப்பையும் தனியே கேட்டு வாங்குவது நல்லது. செங்கல்லுக்கும் மனித முகத்துக்கும் அது அவசியம்.

ஒளி பட்டு நிறம் மங்கக்கூடிய நீர்வண்ண ஓவியங்களுக்கும் துணிகளுக்கும் 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) என்பதே வழக்கமான உச்சவரம்பு என்பதால், விளக்குகள் மிகத் தாழ்ந்த ஒளியிலும் நடுங்காமல் எரிய வேண்டியிருந்தது. முதலில் வந்த விளக்குகள் கண்ணுக்கு ஒழுங்காகத்தான் எரிந்தன. கைபேசிக் கேமராவை நீட்டியதும் திரையில் கருங்கோடுகள் ஓடின. அவற்றின் டிரைவர்கள், அதாவது விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் கருவிகள், ஒளியைக் குறைப்பதற்காக மின்சாரத்தைக் குறைந்த அதிர்வெண்ணில் துண்டித்துத் துண்டித்து அனுப்பியதே காரணம். அத்தனையையும் திருப்பி அனுப்பினோம்.

விளக்குகளுக்குக் கம்பி வழியே கட்டளை அனுப்பும் இரண்டு முறைகளைப் பயன்படுத்தினோம்: பொது விளக்குகளை டாலி முறையிலும், மேடை விளக்குகளை டிஎம்எக்ஸ் 512 முறையிலும் இணைத்தோம். டாலியின் ஒரு தடத்தில் 64 முகவரிகளே உண்டு, எங்களுக்கு அது தாராளம். ஒத்திகையன்று மேடை விளக்குகள் தாமாகவே சிமிட்டத் தொடங்கின. இரண்டு மணி நேரம் எல்லோரையும் சந்தேகித்த பிறகு, தடத்தின் கடைசி விளக்கில் 120 ஓம் முடிப்பானை, அதாவது சமிக்ஞை கம்பியின் முனையில் மோதித் திரும்பாமல் தடுக்கும் மின்தடையை, செருக மறந்தவன் நானே என்று தெரியவந்தது.

கட்டுப்பாட்டுக்கு முதலில் இருபத்துநான்கு ஒளியமைப்புகள் கொண்ட ஒரு டேப்லெட்டைக் கொடுத்திருந்தேன். அரங்கப் பொறுப்பாளர் அதில் ‘முழு ஒளி’ என்ற ஒன்றை மட்டுமே ஒரு மாதம் பயன்படுத்தினார். பிறகு கதவருகே ஆறு பொத்தான்கள் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதினோம். அவற்றில் எழுத்து தேய்ந்துபோகும் அளவுக்கு அழுத்தப்படுவது ‘கூட்டித் துடைக்க’ என்ற பொத்தான்; அது என் முதல் திட்டத்தில் இல்லவே இல்லை.