எந்தப் பால், எந்தக் கடலை?

கடந்த மாதம் என் மகளுக்கு ஐந்து வயது நிறைந்தது. நுவரெலியாவுக்கு அருகே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில், பிறந்தநாள் என்றால் ஒரு பட்டர் கேக்கும் ஒரு பை டொபியும் கொடுத்தனுப்புவதே வழக்கம்; நானும் அதையே நினைத்திருந்தேன். இரு வாரங்களுக்கு முன்னர் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்கப் போனபோது டீச்சர், "22 பேர் இருக்காங்க. ஒரு மகனுக்குப் பாலும் கடலையும் ஒத்துவராது, ஒரு மகளுக்கு முட்டை ஒத்துவராது. அவங்க ரெண்டு பேருக்கும் வாழைப்பழம் குடுத்துருவோம்" என்றார். அவர் அக்கறையோடுதான் அதைச் சொன்னார். ஆனாலும் இருபது பிள்ளைகள் கேக் சாப்பிடும்போது இருவர் மட்டும் பழத்தை உரித்துக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கொடுப்பது எதுவானாலும் 22 பேருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று அன்றே முடிவுசெய்தேன்.

முதலில் அந்த "ஒத்துவராது" என்ற சொல்லின் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தயிர் சாப்பிட்டால் சளி பிடிப்பதற்கும், பால் குடித்தால் வயிறு பொருமுவதற்கும், மூச்சே அடைத்துப்போவதற்கும் நாம் இந்த ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். பாலில் உள்ள சீனி செரிக்காமல் வயிறு நோவது வேறு. பாலின் புரதத்தை எதிரியாகக் கருதி உடல் பொங்கியெழும் ஒவ்வாமை வேறு. முதலாவதில் அளவைக் குறைத்தால் போதும். இரண்டாவதில் ஒரு துளியும் ஆபத்தாகலாம்.

ஆகவே அந்தப் பையனின் தாயைப் பார்க்க, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போனேன். அவர் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். "தங்கச்சி, எந்தக் கடலை?" என்று கேட்டேன். "கச்சான்தான் அக்கா. சுண்டல் கடலை அவன் நல்லா சாப்பிடுவான்" என்றார். கச்சான் என்றால் நிலக்கடலை. முன்பள்ளியில் மாதக்கணக்காக அவனுக்குச் சுண்டலையும் மறுத்து வந்திருக்கிறார்கள். பாலிலும் இதே குழப்பம்தான்: தேங்காய்ப்பால் அவனுக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை, ஆனால் பெயரில் பால் இருப்பதால் அதை விலக்கியிருக்கிறார்கள்; பெயரில் பால் இல்லாததால் மாஜரின் பூசிய பாணை ஒருநாள் கொடுத்து, அவனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. இரண்டு வயதில், தோட்டத்துத் திருவிழாவில் யாரோ அன்போடு கொடுத்த கச்சான் அல்வாவைத் தின்று உதடு வீங்கி மூச்சு இழுக்கத் தொடங்கியதையும், தோட்ட லொறியில் அவனை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதையும் அவர் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே எதுவும் பேசவில்லை.

அன்று மாலையே சமையலறையில் இருந்த பொதிகளை எல்லாம் எடுத்து விளக்கடியில் வைத்து வாசித்தேன். மாஜரினில் பாற்திண்மம் இருந்தது. பிஸ்கட்டில் பால்மாவும் மோர்த்தூளும் இருந்தன. கேக்கின் மேல் தூவும் வண்ணமணிப் பொதியில் கச்சானின் தடயம் இருக்கக்கூடும் என்று அச்சிட்டிருந்தது. ஆட்டுப்பால் சேர்க்கலாமே என்று மாமி கேட்டார். அதன் புரதமும் பசுப்பாலின் புரதமும் மிக நெருக்கமானவை என்பதால், பசுப்பால் ஒவ்வாத பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவும் ஒவ்வாது என்று விளக்கினேன். முட்டை சேராத பிள்ளையின் தாயோ, கேக்கில் வெந்த முட்டை பரவாயில்லை என்று நினைப்பதாகச் சொன்னார். நன்றாகச் சுட்ட முட்டையைத் தாங்கிக்கொள்ளும் பிள்ளைகள் பலர் இருப்பது உண்மையே. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியது வைத்தியர் முன்னிலையில், பிறந்தநாள் மேசையில் அல்ல. டவுனில் ஒரு பேக்கரியில் முட்டையில்லாத கேக் கிடைத்தது. ஆனால் அதையும் பட்டர் கேக்கை வெட்டிய அதே கத்தியால் வெட்டுவதைக் கண்டு, வாங்காமல் திரும்பினேன்.

இறுதியில் நானே செய்தேன். ஒன்றரைக் கப் கோதுமை மா, ஒரு கப் சீனி, மூன்று மேசைக்கரண்டி கலப்பற்ற கொக்கோ, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. இவற்றோடு ஒரு கப் தண்ணீர், ஐந்து மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி. சோடாவும் வினாகிரியும் சேர்ந்து பொங்குவதால் முட்டையின் தேவை இல்லாமற்போகிறது. முதல் கேக் அழகாக எழும்பி, அடுப்பிலிருந்து எடுப்பதற்குள் நடுவில் குழிந்துவிட்டது. நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் கேக்கினுள் வாயு வேகமாக விரிந்து, மா இறுகுவதற்கு முன்பே உடைந்துவிடுகிறது. சோடாவை முக்கால் தேக்கரண்டியாகக் குறைத்ததும் இரண்டாவது கேக் சரியாக வந்தது. தட்டு, அகப்பை, அரிதட்டு எல்லாவற்றையும் முன்னதாகவே தேய்த்துக் கழுவினேன். வடை பொரித்த எண்ணெயை அந்தப் பக்கமே கொண்டுவரவில்லை.

டீச்சரோடு இன்னொரு காரியத்தையும் பேசி முடித்தேன். பிள்ளைகள் வீட்டில் கச்சான் தின்ற கையோடு வரக்கூடும் என்பதால், சாப்பிடும் முன் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கிருமிநாசினித் திரவம் கிருமியைக் கொல்லுமே தவிர, கச்சானின் புரதத்தை அகற்றாது. பையனுக்கு எப்போதாவது மூச்சு இழுத்தாலோ, குரல் கரகரத்தாலோ, தலை சுற்றினாலோ உடனே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்றும், அவனை நடக்கவிடாமல் படுக்கவைக்க வேண்டும், மூச்சுவிடச் சிரமப்பட்டால் சாய்த்து உட்காரவைக்க வேண்டும் என்றும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினோம். அரிப்புக்குக் கொடுக்கும் பாணி மருந்து, தொடையில் போட வேண்டிய அட்ரினலின் ஊசிக்கு ஈடாகாது என்பதையும் அதில் சேர்த்தோம்.

பிறந்தநாளன்று அந்தத் தாய் அரைப்பேரோடு, அதாவது அரைநாள் கூலியோடு, மலையிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றார். என் மகள் தட்டை நீட்டியதும் பையன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். யார் எதைக் கொடுத்தாலும் அப்படி நிற்க வேண்டும் என்று அவனுடைய அம்மா பழக்கியிருந்தார். அவன் வாசலைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அதன் பிறகும் ஒரு கையை மட்டுமே முன்னால் கொண்டுவந்து, ஒரு துண்டை எடுத்தான்.

எல்லோரும் போன பின் அவர் என்னிடம், "அக்கா, வினாகிரி எத்தனை கரண்டி? தைமாசம் இவனுக்குப் பிறந்தநாள். எங்க வீட்டுல கேக் சுடுற அடுப்பு இல்ல, இட்லிச் சட்டிதான் இருக்கு" என்றார். இவ்வளவு உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் ஆவியில் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். எவ்வளவு நேரம் என்பதை, வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய சட்டியிலேயே இருவரும் வைத்துப் பார்க்கப் போகிறோம்.