முப்பது பேரின் வாரிசுகள்: பீல் புதையல் தேடல் நாட்குறிப்பு

மார்ச் 8, 2025, சனி

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் பெட்ஃபோர்டு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) புதைந்திருப்பதாகச் சொல்லப்படும் பீல் புதையலைத் தோண்டித் தேடியவர்கள் ஏராளம். அதன் சங்கேத எண்களோடு இரவு பகலாக மல்லுக்கட்டியவர்கள் அதைவிட ஏராளம். எனக்குப் பழக்கமானது வேறு துறை: சென்சஸ் தாள்கள், வரிப் பட்டியல்கள், உயில்கள், திருமணப் பத்திரங்கள். ஒரு குடும்பத்தை ஏழெட்டுத் தலைமுறை பின்னால் போய்த் தேடுகிற அதே முறையில் இந்தக் கதையில் வரும் மனிதர்களைத் தேடிப் பார்க்கப் போகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1885இல் லிஞ்ச்பர்க் நகரில் 50 சென்ட் விலையில் ஒரு சிறு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. வெளியிட்டவர் ஜேம்ஸ் பெவர்லி வார்டு. 1820 ஜனவரியில் தாமஸ் ஜே. பீல் என்பவர் லிஞ்ச்பர்க்கில் ராபர்ட் மோரிஸ் நடத்திய வாஷிங்டன் ஹோட்டலில் வந்து தங்கினார், 1822இல் மறுபடி வந்து ஓர் இரும்புப் பெட்டியை மோரிஸிடம் ஒப்படைத்தார், அப்புறம் திரும்பவே இல்லை என்கிறது புத்தகம். பத்து வருடம் காத்திருக்கச் சொல்லி செயின்ட் லூயிஸிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம். சங்கேதத்தைப் படிப்பதற்கான திறவுகோல் 1832இல் வரவேண்டியது, வரவில்லை. மோரிஸ் 1845இல் பெட்டியைத் திறந்தபோது உள்ளே கடிதங்களும் எண்களால் நிறைந்த மூன்று தாள்களும் இருந்தன.

இரண்டாவது தாளை அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை வைத்துப் படித்துவிட்டார்கள்: ஒவ்வோர் எண்ணும் பிரகடனத்தில் எத்தனையாவது சொல் என்று காட்டும், அந்தச் சொல்லின் முதல் எழுத்தை எடுக்க வேண்டும். பியூஃபோர்டு விடுதியிலிருந்து சுமார் நான்கு மைலில், ஆறு அடி ஆழத்தில், கல் பாவிய குழிக்குள் இரும்புப் பானைகளில் பொன்னும் வெள்ளியும் இருப்பதாக அது சொல்கிறது. 1819இலும் 1821இலும் புதைத்தவற்றைக் கூட்டினால் தங்கம் 2,921 பவுண்டு எடை, வெள்ளி 5,100 பவுண்டு எடை. கிலோவில் ஏறத்தாழ 1,300, 2,300. இது போக 13,000 டாலர் மதிப்புள்ள நகைகள். இடம் சொல்லும் முதல் தாளும், பங்குதாரர்கள் முப்பது பேரின் பெயர், உறவினர், ஊர் சொல்லும் மூன்றாவது தாளும் இன்றுவரை படிக்கப்படவில்லை.

எல்லாரும் முதல் தாளின் பின்னால் ஓடுகிறார்கள். என் கண் மூன்றாவதின் மேல்தான்.

மார்ச் 9, ஞாயிறு

முதலில் பீல். புத்தகத்தின்படி அவர் தன் ஊரையோ குடும்பத்தையோ பற்றி மோரிஸிடம் வாய் திறந்ததே இல்லை. ஆக, கையில் இருப்பது பெயர் மட்டும்.

1810 சென்சஸில் தாமஸ் பீல் இருவர். ஒருவர் கனெடிகட்டில், இன்னொருவர் நியூ ஹாம்ப்ஷயரில். 1820இல் லூசியானாவில் ஒருவர், டென்னசியில் ஒருவர், வர்ஜீனியாவில் தாமஸ் கே. பீல் ஒருவர். லூசியானாக்காரர் 1815 நியூ ஆர்லியன்ஸ் போரில் துப்பாக்கிப் படை நடத்திய கேப்டன் பீலாக இருக்கலாம். அவரே வர்ஜீனியாவிலிருந்து போனவர்தான். 1820இல் செயின்ட் லூயிஸ் அஞ்சலகப் பட்டியலிலும் ஒரு தாமஸ் பீல் தட்டுப்படுகிறார். அங்கே பெயரின் கடைசியில் இரண்டு ‘எல்’. அந்தக் காலத்தில் எழுதுகிறவர் காதில் விழுந்ததுதான் எழுத்து என்பதால் இந்தப் பேதத்தை வைத்து யாரையும் தள்ளிவிட முடியாது. ஒலியை வைத்துப் பெயர் தேடும் சவுண்டெக்ஸ் முறையில் பீல், பெல், பால், பெய்லி எல்லாருக்கும் ஒரே எண்தான் விழும்: பி400. ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும்.

இதில் பெரிய சிக்கல் வேறு. 1850க்கு முந்தைய சென்சஸில் குடும்பத் தலைவரின் பெயரை மட்டும்தான் எழுதினார்கள். மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை. அண்ணன் வீட்டிலோ மாமனார் வீட்டிலோ இருந்த இளைஞர் என்றால் பீல் ஒரு கட்டத்துக்குள் ‘1’ என்று மட்டும் இருப்பார். போதாக்குறைக்கு வர்ஜீனியாவின் 18 கவுண்டிகளுக்கு 1810 தாள்களே இல்லை. ஆகவே, சென்சஸில் இல்லை என்பதால் ஆளே இல்லை என்று முடிவு கட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

மார்ச் 15, சனி

ரிச்மண்டில் வர்ஜீனியா மாநில நூலகம். சென்சஸ் கைவிட்டால் இங்கே எல்லாரும் போவது சொத்து வரிப் பட்டியலுக்குத்தான். 1782இலிருந்து, 1808 நீங்கலாக, ஆண்டுதோறும் எடுத்தார்கள். சென்சஸ் பத்து வருடத்துக்கு ஒருமுறை. இது வருடா வருடம். வயது வந்த ஆண் சொந்தமாக நிலம் வைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, தலைவரிக்கும் குதிரைக்கும் பெயர் ஏறிவிடும்.

மைக்ரோஃபிலிம் சுருளைப் பொருத்தி, கைப்பிடியைச் சுழற்றி, ‘பி’ எழுத்துப் பக்கத்தில் நிறுத்தினால் திரையில் வரிசையாகப் பெயர்கள். இடது ஓரத்தில் வரி அதிகாரி அந்த வீட்டிலிருந்து கணக்கு வாங்கிய தேதி. அடுத்து பெயர். அதற்கப்புறம் குறுகலான கட்டங்கள்: 16 வயதுக்கு மேற்பட்ட வெள்ளை ஆண்கள், 12 வயதுக்கு மேற்பட்ட அடிமைகள், குதிரைகள். இரண்டு வீட்டுக்கு ஒரே தேதி என்றால் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார். 1815ஆம் ஆண்டுப் பட்டியல் இன்னும் நுணுக்கமானது. 1812இல் பிரிட்டனோடு தொடங்கிய போரின் செலவை ஈடுகட்ட அந்த வருடம் கடிகாரம், நிலைக்கண்ணாடி, மகாகனி மேசை, சன்னல் திரை வரைக்கும் வரி போட்டார்கள். ஒரு வீட்டுக் கூடத்தையே எட்டிப் பார்க்கலாம்.

பெட்ஃபோர்டில் பியூஃபோர்டு குடும்பம் வேரூன்றி இருந்தது. அந்தப் பக்கம் மோன்ட்வேல் ஊருக்கே முன்பு அவர்கள் பெயர்தான். தாமஸ் ஜே. பீல் நான் பார்த்த பக்கங்களில் இல்லை.

அடிமைகள் கட்டத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நில உடைமையாளர் பெயருக்குப் பக்கத்தில் ‘7’, ‘4’ என்று எண் மட்டும். 1860 சென்சஸ் வரை அவர்களுக்கு இதே கதிதான். எல்லாருடைய பெயரும் ஏறியது 1870இல். இருந்தாரா என்றே தெரியாத ஒருவரைத் தேட இத்தனை பேர் இருக்கிறோம். உண்மையில் வாழ்ந்து உழைத்த தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி வந்து, அந்தக் கட்டத்துக்கு முன்னால் வழி அடைபட்டு நிற்கிறவர்களை இதே வாசிப்பறையில் பார்த்திருக்கிறேன். இந்தப் பதிவேடுகளில் எனக்குப் பொறுக்க முடியாதது அதுதான்.

மார்ச் 19, புதன்

அம்மாவிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னேன். தங்கம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. “முப்பது பேருன்னா முப்பது வீடுல்லா? ஒரு வீட்லயுமா தேடாம இருந்திருப்பாங்க?”

தேடலின் நடு நரம்பே அதுதான். மோரிஸுக்கு ஒரு பங்கு சேர்த்து மொத்தம் 31 பங்காகப் பிரிக்கச் சொல்கிறது பெட்டியில் இருந்த பீலின் கடிதம். முப்பது ஆண்கள் 1817 ஏப்ரலில் மேற்கே வேட்டைக்குப் போய், சான்டா ஃபே பக்கம் பொன்னைக் கண்டு, 1822க்குப் பிறகு ஒருவர்கூட மிச்சமில்லாமல் மறைந்திருக்கிறார்கள். மறைவது ஒருவரென்றால் ஆவணத்தில் தடம் இல்லாமல் போகலாம். முப்பது பேர், அதுவும் இத்தனை மாதப் பயணத்துக்குக் கைக்காசு போடக்கூடியவர்கள் மறைந்தால் நீதிமன்றங்களில் காகிதம் குவியும். மனைவிக்கு ஜீவனப் பங்கு வேண்டும். தகப்பன் இறந்தால் நிலத்தைப் பிரிக்க வேண்டும். கடன் கொடுத்தவன் சும்மா இருக்கமாட்டான். ஏழு வருடம் தகவல் இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது ஆங்கில வழிச் சட்ட மரபு. அப்படியானால் 1829, 1830ஐ ஒட்டி வாரிசு மனுக்கள் கிளம்பியிருக்க வேண்டும்.

இரவு மூன்றாவது தாளை எண்ணிப் பார்த்தேன். 618 எண்கள். ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்து. முப்பதால் வகுத்தால் ஆளுக்கு இருபது எழுத்து, சில்லறை. ‘ஜான் ஸ்மித், மனைவி மேரி, பெட்ஃபோர்டு கவுண்டி, வர்ஜீனியா’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினாலே 38 எழுத்து ஆகிவிடுகிறது. மாநிலத்தை விட்டாலும் 30. ஆளின் பெயர், உறவினர் பெயர், இருப்பிடம் மூன்றையும் இருபதில் அடைப்பது நடக்காத காரியம். இதை எனக்கு முன்பே பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் சொந்தக் கையால் எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

மார்ச் 23, ஞாயிறு

460ஆம் நெடுஞ்சாலை வழியாக மோன்ட்வேல் போனோம். கூஸ் கிரீக் ஓடை, சுற்றிலும் புளூ ரிட்ஜ் மலைகள். நான்கு மைல் வட்டம் என்பது வரைபடத்தில் சின்னதாகத் தெரியும். நேரில் பார்த்தால் எத்தனை மடிப்பு, எத்தனை ஓடை!

1983இல் ஒரு பெண்மணி இங்கே மவுன்டன் வியூ கல்லறைத் தோட்டத்தைத் தோண்டிக் கைதானார். சங்கேதத்தை உடைத்துவிட்டதாக நம்பித் தோண்டியிருக்கிறார். எனக்கு அந்த நம்பிக்கை மேல் இரக்கம் வரவில்லை. பல குடும்பங்களுக்குப் பிறப்பு, இறப்புத் தேதி கிடைக்கிற ஒரே இடம் அந்தக் கல்தான். பதிவேடு எரிந்துபோன கவுண்டிகளில் அதைவிட்டால் வேறு கதியில்லை. அதைப் போய்க் கடப்பாரையால் பெயர்ப்பதா?

மார்ச் 29, சனி

மறைந்தவர்களை விட்டு, தடம் உள்ளவர்கள் பக்கம் திரும்பினேன்.

மோரிஸ் உண்மையான மனிதர். 1863இல் இறந்தார். ஆனால் அவர் வாஷிங்டன் ஹோட்டலை ஏற்று நடத்தத் தொடங்கியது 1823இல்தான் என்று அக்கால ஆவணங்களைக் கொண்டு ஆய்வாளர் ஜோ நிக்கல் 1982இல் வர்ஜீனியா வரலாற்று இதழில் எழுதினார். பீல் வந்து தங்கியதாகச் சொல்லப்படுவதோ 1820. விருந்தாளியைத் தேடி அலைவதைவிட விடுதிக்காரரைத் தேடியது எவ்வளவு பலன் கொடுத்திருக்கிறது பாருங்கள். மர்மத்தின் நாயகன் அகப்படாவிட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பிடி என்பது எங்கள் துறையில் முதல் பாடம்.

சான்டா ஃபே அப்போது ஸ்பெயின் ஆட்சியில். 1817இல் அந்தப் பகுதிக்கு வியாபாரத்துக்குப் போன ஒகுஸ்ட் ஷூட்டோவையும் ஜூல் டி மனையும் ஆட்களோடு பிடித்துச் சிறையில் போட்டு, சரக்கைப் பறிமுதல் செய்தார்கள். அதே வருடம் டிசம்பரில் முப்பது அமெரிக்கர்கள் ஆயுதங்களோடு வந்து குளிர்காலம் தங்கியிருந்தால் ஸ்பானிய அதிகாரிகள் சும்மா விட்டிருப்பார்களா?

வார்டுக்கு வருகிறேன். அவருடைய தாய்வழித் தாத்தா ஜேம்ஸ் பெவர்லி ரிஸ்க். அந்த ரிஸ்க்குக்கும் தாமஸ் பீல் என்ற ஒருவருக்கும் ஃபின்காசில் பக்கம் துப்பாக்கிச் சண்டை நடந்து, பீல் நியூ ஆர்லியன்ஸ் போய்விட்டார் என்று ஆய்வாளர்களிடையே ஒரு கதை உண்டு. கதை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அது மெய்யாக இருந்தால், பீல் என்ற பெயர் வார்டின் வீட்டில் சிறுவயதிலிருந்தே காதில் விழுந்த பெயர். புத்தகத்துக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

என் நிலைப்பாடு இப்போதைக்கு இது. இடம் சொல்லும் தாளை உடைத்துவிட்டேன் என்று யார் வந்தாலும் நான் கேட்கப் போவது ஒன்றுதான்: காணாமல்போன முப்பது பேரில் ஒருவரின் வீட்டைக் காட்டுங்கள். ஒரு மனைவியின் மனு, ஒரு தம்பியின் பாகப்பிரிவினை, 1820களில் காணாமல்போன ஒரு மகன். ஒன்று காட்டினால் மறுபடி முதலிலிருந்து படிக்கத் தயார். அதுவரை வார்டு சொன்னது கட்டுக்கதை என்றே எண்ணுகிறேன்.

வர்ஜீனியாவின் பழைய சான்சரி வழக்குகளின் (பாகப்பிரிவினை, சொத்துத் தகராறு போன்றவற்றை விசாரித்த நீதிமன்ற வழக்குகள்) அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாகப்பிரிவினை மனு என்றால் வாரிசுகள் அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும், இருக்குமிடம் தெரியாதவர் உட்பட. பெட்ஃபோர்டு, கேம்பெல், பாட்டடாட் மூன்று கவுண்டிகளிலும் 1825 முதல் 1840 வரை அந்த வகை வழக்குகளை எடுத்துப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அண்ணன் எங்கே என்றே தெரியாமல் நிலம் பிரித்த குடும்பங்கள் அங்கே நிஜமாகவே உண்டு. அவர்கள் யாருக்கும் பீலோடு தொடர்பு இல்லாமல் போகலாம். பெயர்களைக் குறித்துக்கொண்டு வருகிறேன், அவர்களின் வம்சத்தார் யாராவது தேடி வந்தால் உதவும்.