பின்விளக்குக்கு மூன்று மாதக் காத்திருப்பு

எங்கள் சுற்றுலா வேனுக்கு ரீகால் கடிதம் (குறையைச் சரிசெய்ய வண்டியைத் திரும்ப அழைக்கும் கடிதம்) வந்து மூன்று மாதமாகிறது. பின்விளக்கு ஒயரிங்கில் ஈரம் இறங்கினால் பிரேக் லைட் எரியாமல் போகலாமாம், இலவசமாக மாற்றித் தருவார்களாம். சரி என்று சர்வீஸ் சென்டருக்கு நான்கு முறை போய்விட்டேன். "பார்ட்ஸ் இன்னும் வரலைண்ணே" என்பதுதான் பதில்.

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி இது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினால், பனிமூட்டத்தில் நான் பிரேக் பிடிப்பது பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? உள்ளே குழந்தைகள் இருப்பார்களே! மழை நாளில் சவாரியே எடுப்பதில்லை. தவணை மட்டும் நிற்கவில்லை.

குறையுள்ள வண்டியைத் திரும்ப அழைக்க மத்திய அரசே உத்தரவிடலாம் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110ஏ பிரிவு இருக்கிறது. இன்று எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். இதே கடிதம் வந்தவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே கேட்போம்.